யாருடையவன் என்று அறிதல்
பெரிய திருமொழி முதல் பதிகத்தை முன்னிட்டு ஒரு சிந்தனை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருமங்கையாழ்வார் அருளிச்செய்த பெரிய திருமொழி 1084 பாசுரங்கள் கொண்டது. அதன் முதல் திருமொழியை 'வாடினேன்' பதிகம் என்று நம் கோஷ்டிகளில் வழங்குவர். இதை வாசிக்கும் அடியார்கள் தம் திவ்யப்பிரபந்த கோசத்தில் அப்பதிகத்தை விரித்து வைத்துக்கொண்டு உடன் வருமாறு பிரார்த்திக்கிறேன். பாசுரங்களை இங்கு எடுத்தெழுதவில்லை. அவற்றின் பொருளை மட்டும் பின்பற்றி, இரண்டு கேள்விகளைச் சிந்திப்பதே அடியேனுடைய நோக்கம்.

முதற்கேள்வி: மனிதனுடைய நடத்தை நிலையாக மாறுவது எதனால்? இரண்டாவது: தனக்குத் தீங்கு செய்தவனை வாயளவில் அன்றி உள்ளபடியே பொறுப்பது எவ்வாறு?

இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றும். ஆழ்வார் திருவுள்ளத்தைப் பின்தொடர்ந்து சென்றால் இரண்டுக்கும் விடை ஒன்றே என்பது விளங்கும். 'நான் யார்' என்று கேட்பதோடு நில்லாமல் 'நான் யாருடையவன்' என்று அறிந்தவனுக்கே நிலையான மாறுதலும் உண்மையான பொறுமையும் கைகூடுகின்றன.

சங்கற்பங்கள் ஏன் நிலைப்பதில்லை

'நாளை முதல் கோபப்படமாட்டேன்', 'இந்த மார்கழி முதல் பிறரைப் பழித்துப் பேசமாட்டேன்' என்று சங்கற்பம் செய்துகொள்ளாதவர் நம்மில் அரிது. மார்கழி முடியும் முன்பே அச்சங்கற்பம் தளர்ந்துவிடுவதும் நாம் கண்டதே. மனவுறுதி போதவில்லை என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம். மனவுறுதியின் குறை மட்டுமே காரணம் என்று அடியேனுக்குத் தோன்றவில்லை. செயலை மாற்ற முயல்கிறோம். செய்கிறவன் தன்னை யாரென்று எண்ணியிருக்கிறானோ, அவ்வெண்ணத்தைத் தொடுவதில்லை. 'நான் கோபக்காரன், ஆயினும் கோபத்தை அடக்குகிறேன்' என்று நினைப்பவன் தன்னோடு தானே போராடுகிறான். போராட்டத்தில் களைத்த அன்று பழைய ஆள் வெளிப்பட்டுவிடுகிறான்.

திருமங்கையாழ்வாருடைய சரித்திரத்திலேயே இதற்கு ஒரு குறிப்பு உண்டு. நீலன் என்னும் பெயருடன் திருமங்கை நாட்டை ஆண்ட அவரை மணக்கக் குமுதவல்லி நாச்சியார் இரண்டு நிபந்தனைகளை விதித்தார். பஞ்சஸம்ஸ்காரம் பெற்று வைஷ்ணவராக வேண்டும். ஓராண்டுக் காலம் நாள்தோறும் 1008 ஸ்ரீவைஷ்ணவர்களுக்குத் ததீயாராதனம் நடத்த வேண்டும். நீலன் திருநறையூர் நம்பியிடம் திருவிலச்சினை பெற்றார், ததீயாராதனத்தையும் நடத்தினார். கைப்பொருள் தீர்ந்தபோது வழிப்பறியில் இறங்கினார். தோளில் சங்கு சக்கரமும் நெற்றியில் திருமண்காப்பும் இருக்க, கையில் வாளும் இருந்தது. அவருடைய களவு அடியார்களுக்கு அமுது செய்விப்பதற்காகவே நிகழ்ந்தது என்று பூர்வாசார்யர்கள் அதையும் கொண்டாடுவர். அதில் அடியேன் குறை சொல்லத் துணியேன். எனினும் அடையாளங்கள் முன்னே வந்தன, அர்த்தஞானம் பின்னே வந்தது என்னும் முறையைக் கவனிக்க வேண்டும்.

திருமணங்கொல்லையில் எம்பெருமான் மணக்கோலத்தில் பிராட்டியோடு எழுந்தருளினான். ஆழ்வார் வழிமறித்தார், ஆபரணங்களை எல்லாம் கவர்ந்தார், கழற்ற முடியாத திருவடி மோதிரத்தைப் பல்லால் கடித்து வாங்கினார். அந்த மிடுக்கைக் கண்டு எம்பெருமான் 'கலியன்' என்று திருநாமம் சாற்றியருளினான் என்பர். மூட்டையைத் தூக்க முடியாமல் 'என்ன மந்திரம் செய்தாய், சொல்' என்று ஆழ்வார் வாளை ஓங்க, எம்பெருமான் திருச்செவியில் திருமந்திரத்தை உபதேசித்தான். இன்றும் வேடுபறி உற்சவத்தில் இதை நாம் சேவிக்கிறோம். 'களவு செய்யாதே' என்று அங்கே எம்பெருமான் ஒரு வார்த்தையும் சொன்னதாகக் கேட்டதில்லை. நீ யாருடையவன் என்பதையே அறிவித்தான். அவ்வளவிலே வாள் தாழ்ந்தது, வாக்கு எழுந்தது. எழுந்த முதல் வாக்கே இந்தப் பதிகம்.

செய்ததும் ஆனதும்

பதிகத்தின் முதற்பாசுரத்தை நோக்குக. அதில் வினைச்சொற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வருகின்றன. வாடியதும், வருந்தியதும், சிற்றின்பத்தை நாடி ஓடியதும், பின்பு உய்வை ஆராய்ந்து தேடியதும் அடுத்தடுத்து நிற்கின்றன. முடிவில் திருநாமத்தைக் கண்டுகொண்டதாகச் சொல்கிறார். 'பெற்றேன்' என்றோ 'உண்டாக்கினேன்' என்றோ சொல்லவில்லை. ஏற்கெனவே உள்ளதைத்தான் ஒருவன் கண்டுகொள்ள முடியும். ஆத்மாவுக்கு எம்பெருமானோடுள்ள உறவு புதிதாகச் சம்பாதிப்பது அன்று, என்றும் உள்ளது. மறந்திருந்தோம், இப்போது கண்டோம் என்பதே ஆழ்வார் சொல்லின் உயிர்.

இரண்டு, மூன்று, நான்காம் பாசுரங்களில் வீணான நாட்களுக்கு இரங்குகிறார். நலத்தை விரும்பித் தீவினையைப் பெருக்கியது, வெற்றியை விரும்பி நில்லாத பொருளுக்கு ஏங்கியது என்று தம் பழங்கணக்கை ஒளிவின்றி விரிக்கிறார். ஐந்தாம் பாசுரத்தில் அக்கணக்கு உச்சத்தை அடைகிறது. அங்கே தாம் களவு செய்ததாகச் சொல்லி நிறுத்தவில்லை. தாமே கள்வனாய் ஆனதாகச் சொல்கிறார். அதே மூச்சில், அப்படித் திரிந்தவனாயினும் இப்போது தெளிந்தவனாய் ஆனேன், திருவருளைப் பெற்றேன் என்கிறார். முன்பு ஆனதும் சொல்கிறார், பின்பு ஆனதும் சொல்கிறார். மாறியது செயல் மட்டுமன்று, ஆள் என்பது இப்பாசுரத்திலிருந்து அடியேனுக்குப் புலப்படுவது.

இங்கு 'கள்வன்' என்ற சொல்லை வழிப்பறியோடு மட்டும் நிறுத்தலாகாது. நம் சம்பிரதாயத்தில் களவுகளுக்கெல்லாம் தலையான களவு ஆத்மாபஹாரம். எம்பெருமானுக்கே உரிய ஆத்மாவை 'இது என்னுடையது, நான் எனக்கே உரியவன்' என்று வைத்துக்கொள்ளுதலே அது. பிறர் பொருளை எடுத்தல் அம்மரத்தின் கிளை. கிளைகளை வெட்டிக்கொண்டே இருப்பது நம் மார்கழிச் சங்கற்பம். வேரைக் காட்டியது திருமங்கைமன்னன் பெற்ற உபதேசம்.

தொண்டக்குலம்

ஒன்பதாம் பாசுரம் மிகவும் பிரசித்தமானது. திருநாமம் தரும் நன்மைகளை வரிசையாக அடுக்கும்போது ஆழ்வார் முதலில் வைப்பது குலத்தை. செல்வமும், துயர் நீக்கமும், பரமபதமும், பெற்ற தாயினும் மேலான நலமும் பின்னரே வருகின்றன. ஏன் குலம் முதலில் வந்தது? இங்குக் குலம் என்பது பிறப்பால் வருவதன்று. எம்பெருமானுக்குத் தொண்டு பூண்டவர்களின் குலம் என்று பெரியோர் பணிப்பர். தொண்டக்குலம் என்பது பெரியாழ்வார் திருப்பல்லாண்டில் ஆண்ட சொல். அங்கே பழைய குலத்தை விட்டு வருமாறு அழைப்பதையும் நினைவுகூரலாம். ஆக, முதலில் குலம் மாறுகிறது. அதாவது 'நான் இன்னான்' என்பது மாறுகிறது. மற்ற நன்மைகள் அதன் பின்னே வரிசையாக வருகின்றன.

பஞ்சஸம்ஸ்காரத்தில் நாம ஸம்ஸ்காரம் ஓர் அங்கமாக அமைந்ததன் கருத்தும் இதுவே. அன்று முதல் நாம் 'அடியேன் இராமாநுசதாசன்' என்று சொல்லிக்கொள்கிறோம். விப்ரநாராயணர் தமக்குத் தொண்டரடிப்பொடி என்ற பெயரை உகந்து கொண்டார். வேறொருவரோடு சேர்த்துச் சொன்னாலன்றி நிறைவு பெறாத பெயர்கள் இவை. 'தாசன்' என்றால் யாருக்கு என்ற கேள்வி உடனே எழும். 'பொடி' என்றால் யார் திருவடியில் என்று கேட்கத் தோன்றும். இப்படி உறவாலேயே தன்னை அறிவதைச் சேஷத்வ ஞானம் என்கிறோம்.

திருமந்திரத்தின் மூன்று பதங்களும் இதையே படிப்படியாக உணர்த்துகின்றன என்பது முமுக்ஷுப்படி காலக்ஷேபம் கேட்டவர்கள் அறிந்ததே. பிரணவம், ஆத்மா எம்பெருமானுக்கே உரியது என்கிறது. நமஸ், எனக்குரியனல்லேன், என்னுடையது என்று ஏதுமில்லை என்று அகங்கார மமகாரங்களைக் கழிக்கிறது. மூன்றாம் பதம், அவனுக்கே ஆட்படும் கைங்கர்யத்தைக் காட்டுகிறது. நடத்தை பற்றிய பேச்சு மூன்றாம் பதத்தில்தான் வருகிறது. யாருடையவன் என்ற தெளிவும், எனதல்ல என்ற கழிவும் முன்னே வராமல், நடத்தையை மட்டும் தனியே பிடித்திழுத்தால் அது வருவதில்லை.

எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் காட்டியருளிய ராஜகுமாரன் திருஷ்டாந்தம் இங்குப் பொருந்தும். விளையாட்டிலே வழிதவறிய அரசகுமாரனை ஓர் அந்தணர் எடுத்து வளர்த்துக் கல்வி புகட்டுகிறார். பதினாறு வயதானபோது நம்பத்தகுந்த ஒருவர் வந்து, 'உன் தந்தை இந்நாட்டு அரசர். நகரில் உன்னைக் காணக் காத்திருக்கிறார்' என்கிறார். அச்சொல் கேட்டமாத்திரத்தில் அவனுக்கு எல்லையற்ற மகிழ்ச்சி உண்டாகிறது. தந்தையை அடைய முயல்கிறான். அவன் பிறப்பும் உடலும் நேற்று இருந்தபடியே இருக்கின்றன. அறிந்தது ஓர் உறவை மட்டுமே. அதனாலேயே அவனுடைய விருப்பமும் முயற்சியும் திசை மாறின.

வணிகனும் மகனும்

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். நம் பெரியோர் காலக்ஷேபங்களில் ஒரு வணிகன் கதை சொல்வதுண்டு. கருவுற்ற மனைவியை விட்டுப் பொருள் தேடிப் போன வணிகன் பல்லாண்டு வெளிநாட்டிலேயே தங்கிவிட்டான். மகன் பிறந்து வளர்ந்து தானும் வணிகத்துக்குப் புறப்பட்டான். ஒருவரையொருவர் அறியாத தந்தையும் மகனும் ஒரே பந்தலில் சரக்கை இறக்க நேர்ந்தது. இடம் யாருக்கு என்பதில் வாக்குவாதம் மூண்டு கைகலப்பு வரை போயிற்று. இருவரையும் அறிந்த ஒருவர் வந்து, 'இவன் உன் மகன், இவர் உன் தந்தை' என்றார். பிறகு சண்டை எங்கே? அதுவரை நேர்ந்த இழப்பை இருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டு சரக்கும் ஒரே சரக்காயிற்று; தந்தை காப்பவன், மகன் காக்கப்படுபவன் என்றாயிற்று.

இக்கதை ஜீவாத்ம பரமாத்ம உறவை விளக்குவதற்காகச் சொல்லப்படுவது. பொறுத்தலைப் பற்றியும் இதில் ஒரு பாடம் உண்டு. அங்கே யாரும் யாரையும் மன்னிக்க முயலவில்லை. உறவு தெரிந்தது, வழக்கு நின்றுபோயிற்று. நாம் பகையை வைத்துக்கொண்டே மன்னிக்க முயல்கிறோம். அதனால்தான் அது அவ்வளவு கடினமாயிருக்கிறது.

ஒரு பழைய கணக்கு

அடியேன் வங்கியொன்றில் 35 ஆண்டுகள் பணிசெய்து ஓய்வு பெற்றவன். சொந்தக் கதையை இங்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் இந்தப் பதிகம் அடியேனுக்குப் பொருளானது அதன் வழியாகத்தான்.

கிளை மேலாளராக இருந்த காலத்தில், உடன் பணிபுரிந்த ஒருவர் அடியேன் மீது மேலிடத்துக்கு ஒரு புகார் எழுதினார். கடன் வழங்கியதில் ஆதாயம் பெற்றதாக அதில் கண்டிருந்தது. விசாரணை இரண்டு ஆண்டுகள் நடந்தது. முடிவில் குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. ஆனால் அவ்விரண்டு ஆண்டுகளில் வரவேண்டிய பதவி உயர்வு போயிற்று, வீட்டில் உறக்கம் போயிற்று. ஓய்வுக்குப் பின் திவ்யப்பிரபந்த கோஷ்டியில் சேர்ந்தபோது, எதிர் வரிசையில் அவரும் அமர்ந்திருக்கக் கண்டேன். பல ஆண்டுகள் ஒரே தீர்த்தமும் ஒரே சடாரியும் பெற்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

'மன்னித்துவிட்டேன்' என்று வீட்டில் பலமுறை சொல்லியதுண்டு. அது எத்தகைய மன்னிப்பு என்பதை அடியேன் தொழிலிலிருந்தே ஓர் உதாரணத்தால் சொல்லலாம். வங்கிகளில் வாராக்கடனை 'ரைட்-ஆஃப்' செய்வதுண்டு. இருப்புநிலைக் குறிப்பிலிருந்து அத்தொகை நீங்கிவிடும், கடன்பட்டவனோ விடுபடுவதில்லை. கிளையில் அவன் பெயர் பதிவிலேயே இருக்கும். வசூலுக்கான முயற்சி தொடரும். தள்ளுபடி என்பது வேறு; அதில் கடனே இல்லாமற் போகிறது. அடியேனுடைய மன்னிப்பு முதல்வகை. வெளிக்கணக்கில் நீக்கிவிட்டு, உள்கிளையில் வட்டியோடு வைத்திருந்தேன். மூன்று ஆண்டுகள், ஆசார்யன் திருநக்ஷத்திரம்தோறும் 'இன்று அவரிடம் பேசுவேன்' என்று சங்கற்பித்து, மூன்று முறையும் பேசாமல் வீடு திரும்பினேன்.

காரணம் இப்போது விளங்குகிறது. அவர் தீங்கு செய்தது ஒரு கிளை மேலாளருக்கு. அம்மேலாளர் ஓய்வு பெற்றுப் பல்லாண்டு ஆகிறது. அவருடைய கையொப்பம் இன்று எந்தத் தாளிலும் செல்லாது. அடியேன் மட்டும் அந்த மேலாளராகவே அமர்ந்து, அவருக்கு வரவேண்டியதை வசூலிக்கக் காத்திருந்தேன். வாயால் 'அடியேன்' என்று சொல்லிக்கொண்டே உள்ளே 'அநீதி இழைக்கப்பட்ட அதிகாரி' என்ற பெயரில் வாழ்ந்தேன். பெயரளவில் தொண்டக்குலம், இருப்பு பழைய குலத்தில்.

ஐந்து குணங்கள்

பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில், தன்திறத்தில் குற்றம் செய்தவர்களிடம் ஒரு ஸ்ரீவைஷ்ணவனுக்கு இருக்கவேண்டிய குணங்களாக ஐந்தைச் சாதித்தருளுகிறார். அவை பொறை, கிருபை, சிரிப்பு, உகப்பு, உபகார ஸ்மிருதி. மணவாளமாமுனிகள் வியாக்கியானத்தைத் துணையாகக் கொண்டு அவற்றின் கருத்தைச் சுருக்கிச் சொல்கிறேன்.

பொறையாவது, பதிலுக்குத் தீங்கு செய்யாதிருத்தல். கிருபையாவது, 'நாம் பொறுத்தாலும் எம்பெருமான் இவரைத் தண்டிப்பானே, ஐயோ' என்று அவருக்காக இரங்குதல். சிரிப்பாவது, பெயர், பொருள் முதலிய நில்லாதவற்றை அழித்து நம்மையே அழித்துவிட்டதாக அவர் எண்ணும் அறியாமையை நினைத்து நகைத்தல். உகப்பாவது, ஆத்மாவுக்குப் பகையாய் நாம் விடவேண்டியிருந்த பற்றுகளின் மேலேதானே இவர் கைவைத்தார் என்று மகிழ்தல். உபகார ஸ்மிருதியாவது, நம் குற்றங்களை நமக்கு உணர்த்தி, உலகப்பற்றைத் தளர்த்திய நன்மைக்காக அவரை நன்றியோடு நினைத்தல்.

இவ்வரிசையைப் பலநாள் சிந்தித்தபோது ஒன்று தெரிந்தது. தன்னை உடலாகவும் பதவியாகவும் எண்ணியிருப்பவன் மிக முயன்றால் பொறை வரை வரலாம். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கலாம். அதற்குமேல் ஒரு படியும் ஏற முடியாது. பெயர் போனதே தான் போனதாக எண்ணுபவனுக்குச் சிரிப்பு எப்படி வரும்? பற்றுகள்தாம் தன் செல்வம் என்று எண்ணுபவனுக்கு உகப்பு எப்படி வரும்? ஆக, பின்னுள்ள நான்கும் முயற்சியால் வருபவை அல்ல. ஸ்வரூப ஞானம் பிறந்தால் தாமே வருபவை.

இக்குணங்களைச் சொன்னவருடைய திருநாமத்துக்கே ஒரு வரலாறு உண்டு. கந்தாடை தோழப்பர் முதலியாண்டான் திருவம்சத்தில் வந்தவர். நம்பிள்ளையின் காலக்ஷேப கோஷ்டி பெருகுவதைக் கண்டு பொறாத அவர், ஒருநாள் பெரிய பெருமாள் சந்நிதியிலே நம்பிள்ளையை நிந்தித்துப் பேசிவிட்டார். நம்பிள்ளை மறுமொழி பேசாமல் நடுங்கித் தம் திருமாளிகைக்கு எழுந்தருளினார். செய்தியறிந்த தோழப்பரின் தேவியார் கணவரைக் கடிந்துகொண்டார். தோழப்பர் மனம் வருந்தி, மன்னிப்பு வேண்டப் புறப்பட்டு இரவில் கதவைத் திறந்தார். வாசலிலே ஒருவர் காத்துக்கிடந்தார். நம்பிள்ளைதாம் அவர். முதலியாண்டான் வம்சத்தவருடைய திருவுள்ளம் கலங்கும்படி தாம் குற்றம் செய்ததாகவும், அதைப் பொறுத்தருள வேண்டும் என்றும் அவர் பிரார்த்தித்தார். தோழப்பர் உருகி, 'தேவரீர் சிலருக்கு ஆசார்யர் என்று எண்ணியிருந்தேன். உலகுக்கெல்லாம் ஆசார்யர்' என்னும் கருத்துப்பட லோகாசார்யர் என்று திருநாமம் சாற்றினார். நம்பிள்ளையின் சிஷ்யரான வடக்குத் திருவீதிப்பிள்ளை பின்பு தம் திருக்குமாரருக்கு ஆசார்யன் திருநாமத்தையே இட்டார். அவரே பிள்ளைலோகாசார்யர். ஐந்து குணங்களையும் நமக்கு அறிவித்தவர் தாங்கிய பெயரே ஒரு பொறுத்தலிலிருந்து பிறந்தது.

நம்பிள்ளை தம் உடன்படாமையை மறைத்துக்கொண்டு பணிந்தாரல்லர். அடியார்க்கு அடியான் என்று தம்மை உண்மையாகவே அறிந்திருந்தவருக்கு, ஒரு பாகவதர் முகம் கோணினால் 'என்னிடத்தில் என்ன குறை' என்பதே முதலில் எழும் கேள்வி. கூரத்தாழ்வான் நிலையும் இத்தகையதே. தம் திருக்கண்கள் போகக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தமக்குக் கிடைக்கும் பேறே கிடைக்க வேண்டும் என்று பேரருளாளனிடம் வேண்டிக்கொண்டார். ஒரு காலத்தில் தம் திருவடி சம்பந்தம் பெற்றவன் என்ற உறவே அவர் திருவுள்ளத்தில் நின்றது.

எல்லை ஒன்று

இங்கு ஓர் ஐயம் எழலாம். எல்லாவற்றையும் பொறுத்துவிட்டால் நியாயம் என்னாவது? ஐந்து குணங்களும் தனக்குச் செய்யப்பட்ட குற்றத்தைப் பற்றியவை. பிறருக்கு, அதிலும் பாகவதர்களுக்கு, இழைக்கப்படும் தீங்கைச் சிரித்துக்கொண்டு பார்த்திருக்க அவை இடந்தரா. எம்பெருமானும் தன்திறத்தில் செய்த பிழையைப் பொறுப்பான், அடியார்திறத்தில் செய்த பிழையைப் பொறான் என்பது நம் கொள்கை. வங்கிப் பணத்தில் மோசடி கண்டால் அதை அறிவிப்பது அதிகாரியின் கடமை. அது பொதுமக்கள் வைத்த பணம். வீட்டில் அடிபடும் ஒருத்தியை அங்கேயே இருந்து பொறுத்துக்கொள் என்று சொல்வதும் தர்மமாகாது. தடுக்கவேண்டியதைத் தடுக்கலாம், காக்கவேண்டியதைக் காக்கலாம். உள்ளே பகையை வளர்ப்பது மட்டுமே விலக்கப்பட்டது.

கார்த்திகையில் கார்த்திகை

ஓர் ஆண்டு திருமங்கையாழ்வார் திருநக்ஷத்திரமாகிய கார்த்திகையில் கார்த்திகையன்று, கோஷ்டியில் இந்தப் பதிகத்தை அனுசந்தித்தோம். ஐந்தாம் பாசுரம் வந்தபோது கள்வன் என்ற சொல் அடியேனைப் பற்றிக்கொண்டது. அதுவரை எதிரே அமர்ந்திருந்தவரையே என் பெயரைக் களவாடியவராக எண்ணியிருந்தேன். எம்பெருமானுக்குரிய ஆத்மாவை எடுத்து, ஒரு பழைய பதவிக்கு உரியதாக இத்தனை ஆண்டுகள் வைத்திருந்த கள்வன் யார் என்று அன்று தோன்றியது. ஒன்பதாம் பாசுரம் வந்தபோது, திருநாமம் தந்த குலத்தில் எதிர் வரிசையில் இருப்பவரும் உறுப்பினரே என்று பட்டது. வணிகன் கதையில் நடுவே வந்து உறவு சொன்னவரைப் போல ஆழ்வார் வந்து நின்றார்.

சாற்றுமுறை ஆனபின் அவரிடம் சென்று சேவித்தேன். 'இத்தனை ஆண்டுகள் தேவரீரைப் பற்றி மனத்தில் தவறாக எண்ணிக்கொண்டிருந்தேன். க்ஷமிக்க வேண்டும்' என்று விண்ணப்பித்தேன். அவர் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு, 'ஸ்வாமி, எழுந்திருங்கள், முழங்கால் வலிக்கும்' என்றார். புகாரைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, அடியேனும் கேட்கவில்லை. அடுத்த வாரம் முதல் பாசுரத்தில் இடறும்போது ஒருவருக்கொருவர் அடியெடுத்துக் கொடுத்துக்கொள்கிறோம்.

அன்றோடு பழைய நினைவு முழுவதும் நீங்கிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். வாசனை எளிதில் விடுவதில்லை. சில இரவுகளில் அந்த விசாரணை அறையும் அதன் மேசையும் கண்முன் வருகின்றன. இப்போது அவை, முன்பு இவ்வீட்டில் குடியிருந்தவர் பெயருக்கு வரும் தபால் போல வருகின்றன. முகவரி சரிதான், பெறவேண்டியவர் இங்கில்லை. பிரித்துப் படிக்காமல் வைத்துவிட்டுத் திருநாமத்தை அனுசந்திக்கிறேன். சங்கற்பத்தால் மூன்று முறை முடியாதது, யாருடையவன் என்ற நினைவால் அன்று முடிந்தது. இன்றும் ஒவ்வொரு நாளும் அந்நினைவாலேயே முடிகிறது.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்தமுறை இப்பதிகத்தை அனுசந்திக்கும்போது, ஐந்தாம் பாசுரத்தில் சற்றே நின்று, 'எம்பெருமானுடையதாகிய இவ்வாத்மாவை எந்தப் பழைய பெயரில் வைத்திருக்கிறேன்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அது பதவியாயிருக்கும். ஒருவருக்குப் பிறந்த வீட்டுப் பெருமையாயிருக்கும். ஒருவருக்குப் பட்ட அவமானமே பெயராயிருக்கும். விடை கிடைத்தபின் ஒன்பதாம் பாசுரத்துக்கு வாருங்கள். புதிய குலம் அங்கே காத்திருக்கிறது.

குற்றங்குறைகள் இருப்பின் அடியார்கள் பொறுத்தருள வேண்டும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன் இராமாநுசதாசன்